ஏகமனதாக

அந்தத் தாளைப் பார்க்கக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே பூங்கோதை நினைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் கோர்ட்டு வராந்தாவில் அறிவிப்புப் பலகையைத் தாண்டுகிற நேரத்தில் கண் தானாக அங்கே போய்விட்டது, ஆடுகிற பல்லை நாக்கு தேடிப் போவதைப் போல. நாலே வரி. தோல் கம்பெனி வாசலில் நம் மூத்த உறுப்பினர் வரதராஜுலு அவர்களைக் கல்லால் தாக்கிய பெண்களுக்காக வேலங்காடு வழக்கறிஞர் சங்க உறுப்பினர் எவரும் ஆஜராவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே சங்கத் தலைவர் ஜெயச்சந்திரனின் சாய்ந்த கையெழுத்து. அதைத் தாண்டி வந்து நடுவர் நீதிமன்றத்தின் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கேஸ் கட்டை வைத்துக்கொண்டு, டவாலி யாரோ ஒரு முனுசாமியை மூன்று தடவை கூப்பிட்டு அந்த முனுசாமி வராமலே போனதையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு சொல் மட்டும் உள்ளே உருண்டுகொண்டே இருந்தது. ஏகமனதாக. ஒரே மனதாக. இத்தனை கருப்புக் கோட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மனதா? அப்படியென்றால் என் மனதை எந்தக் கணக்கில் விட்டார்கள்? அன்றைக்குக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். தலைவரே, எதிர்ப்பு ஒன்று, எழுதிக்கோங்க என்று சொன்னாள், குரல் கூடத் தெளிவாகத்தான் வந்தது. செயலாளர் பேனா மூடியைக் கடித்தபடி சிரித்தார். "உங்க வீட்டுக்காரரே கையத் தூக்கிட்டாரேம்மா, அப்புறம் என்ன எதிர்ப்பு?" ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, மாசிலாமணியின் கை. சட்டைக் கை மடிப்பு கலையாமல், முழங்கை முழுதாக நீளாமல், ஆட்டோவை நிறுத்தக் காட்டுகிற மாதிரி பாதி உயரத்தில். இருந்தாலும் தூக்கிய கை தூக்கிய கைதானே. சட்டக் கல்லூரியில் அதே கை அவளோடு சேர்ந்து விடிய விடியச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, பசை காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பிரித்துவிடு கோதை என்று அவளிடம் நீட்டியிருக்கிறது. அது வேறு கை. இல்லை, அதே கைதான். அங்கேதான் சிக்குகிறது. வேறு கையாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். ஜீவனாம்சம். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கூண்டோரம் நின்றாள், அவள் வக்கீல் வாய்தா கேட்டார், நடுவர் தலையாட்டினார். இளைய வயது நடுவர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார், தும்முகிறார், யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. இவரிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது? பூங்கோதையின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் குடித்திருக்கலாம். சங்க அறையில் குடித்திருக்கலாம், ஆனால் சங்க அறையில் அவளுடைய மேசை மேல் யாரோ நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், பள்ளிக்கூடம் மூடும்போது பெஞ்சைக் கவிழ்ப்பார்களே அப்படி. யார் செய்தது என்று கேட்கவில்லை. நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். தண்ணீர் கேன் பக்கம் போக மனம் வரவில்லை. ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று திரும்பியது, அதோடு அந்த வாசனையும். ஊறவைத்த தோல், சுண்ணாம்பு, அழுகிய கொழுப்பு, இவற்றுக்கெல்லாம் மேலே மூக்கைச் சுடுகிற ஏதோ ஒரு மருந்து. உடனே வரிசையாகக் கைக்குட்டைகள் மேலெழுந்தன. அரசு வக்கீல் மூக்கைப் பொத்தினார், பெஞ்ச் கிளார்க் முந்தானையை இழுத்துக்கொண்டாள், ஜெயச்சந்திரன் தன் வெள்ளைக் கைக்குட்டையைக் கோடாலித் தைலப் புட்டியோடு எடுத்தார். பூங்கோதை எடுக்கவில்லை. அவள் என்றைக்குமே எடுத்ததில்லை. இந்த வாசனையில்தான் அவளுடைய பள்ளிக்கூடச் சீருடை காய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து கடைசியில் அவளுக்கு மட்டும் ஒரு முழு பெஞ்சு கிடைத்தது. அப்போது அழுதாள். பிறகு அந்தப் பெஞ்சில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ள இடம் தாராளமாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். அம்மாவுக்குத் தோலை இருபக்கமும் இழுத்துக் கட்டிக் காயப்போடுகிற வேலை. வக்கீலாகப் பதிவு செய்துவிட்டு வந்த நாளில் புதுக் கவுனை அம்மாவிடம் கொடுத்தபோது, அம்மா அதைப் போட்டுப் பார் என்று சொல்லவில்லை. விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நல்ல பதம்டி. கிழியாது" என்றாள். கிழியவில்லை அம்மா. இன்னும் அதே கவுன்தான்.

கல் யார் எறிந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கழிவுத் தொட்டிக்குள் முதலில் குமரேசன் இறங்கினான். அடைப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முகமூடி இல்லை, கயிறு இல்லை. அவன் மேலே வரவில்லை என்று காதர் பாஷா இறங்கினான். அவனும் வரவில்லை. இரண்டு பேரையும் வெளியே எடுத்த பிறகு கம்பெனி சொன்னது, யாரும் இறங்கச் சொல்லவில்லை, அவர்களாகவே குடித்துவிட்டு விழுந்துவிட்டார்கள் என்று. அதைக் கேட்ட பிறகுதான் தோல் வெட்டுகிற பகுதியிலிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். கேஸ் எழுது, பிறகு உடம்பை எடு. அவ்வளவுதான் கேட்டார்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. குமரேசனின் அக்கா எல்லம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் கால் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். போலீஸ் வந்தது, இழுத்தது, தள்ளுமுள்ளு ஆனது, கம்பெனிக்காகப் பேச வந்து நடுவில் நின்றிருந்த வரதராஜுலுவின் புருவத்தில் எங்கிருந்தோ ஒரு கல். புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தொட்டியை மறந்துவிட்டார்கள். எல்லம்மாவையும் அவளோடு பிடித்த பத்துப் பேரையும் வேனில் ஏற்றினார்கள். முதல் முறை இதே கோர்ட்டில் நிறுத்தியபோது உங்களுக்கு வக்கீல் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம், முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்களாம். பூங்கோதை அன்றைக்கு மாவட்டக் கோர்ட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது வேன் சிறைக்குப் போய்விட்டது. மறுநாள் குமரேசனைப் புதைத்தார்கள். எல்லம்மா பார்க்கவில்லை. பூங்கோதை சிறைக்குப் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை. "மண்ணு தள்ளுறப்ப யாருமா முதல்ல தள்ளினாங்க?" என்று மட்டும் கேட்டாள். உன் மாமன் என்று பூங்கோதை சொன்னாள். "சரி" என்றாள். பிறகு வக்காலத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மை ஒட்டிய விரலைப் புடவையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மாற்றிக்கொள்ள வேறு சேலை இல்லை, கறை படக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

பின்னால் செருப்புச் சத்தம், ஒரு கனத்த மூச்சு. திரும்பாமலே தெரிந்தது, ஷஃபியுல்லா வந்துவிட்டார். கூடவே ரெபேக்காவின் இருமல், தணிகைவேலின் அடங்காத குசுகுசுப்பு. பூங்கோதையின் முதுகுத்தண்டு அதுவாகவே நிமிர்ந்தது. ஞாயித்துக்கிழமை வக்கீலுங்க. கேலியாக வைத்த பெயர். சுற்றுவட்ட ஊர்களிலிருந்து ஞாயிறு தோறும் ஏதாவது ஓர் ஊரில், அச்சுக்கூட மாடியிலோ, மூடிக்கிடக்கும் டுடோரியலிலோ கூடிப் பேசுகிறவர்கள், ஃபீஸ் தரக் கட்சிக்காரரே இல்லாத கேஸ்களைத் தேடிப் போகிறவர்கள். மற்ற நாளெல்லாம் விபத்துக் காப்பீடு, செக் மோசடி, பாகப்பிரிவினை என்று பிழைப்பு நடத்துகிறவர்கள்தான். கேலிப் பெயரை அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது கிராமத்தில் யாராவது போலீஸ் தேடி வருகிறது என்றால் ஞாயித்துக்கிழமை வக்கீலுக்குப் போன் போடு என்கிறார்கள். ஒரு தடவை ஒரு காவல் நிலையத்தில் இரண்டு இருளர் பையன்களைப் பிடித்து வைத்திருந்தபோது, ஷஃபியுல்லா தன் கெட்டுப்போன முழங்காலோடு வாசலில் நின்றார். உட்காருங்க சார் என்று எஸ்.ஐ. நாற்காலி போட்டார். "உக்காந்தா நீங்க டீ வரவழைப்பீங்க. டீ குடிச்சிட்டா நான் போயாகணும். நான் நிக்கிறேன்." பொழுது சாய்வதற்குள் பையன்களை வெளியே விட்டார்கள், ஷஃபியுல்லாவைத்தான் மூன்று பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது. செங்கல் சூளையிலிருந்து கொத்தடிமைக் குடும்பங்களை மீட்டு லாரியில் கூட்டி வந்தபோது ஒரு பெண், இனிமே ஊருக்குப் போறதுன்னா யாரைக் கேக்கணும் என்று கேட்டாள். ரெபேக்கா, யாரையும் கேக்க வேணாம் என்றாள். அந்தப் பெண் கொஞ்ச தூரம் போனதும் திரும்பக் கேட்டாள். ரெபேக்கா திரும்பச் சொன்னாள். ஊர் வருவதற்குள் எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் ரெபேக்கா அதே நிதானத்தோடு, முதல் முறை சொல்வது போலவே சொன்னாள். இந்த ஆட்களோடு நான் இருக்கிறேன் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் பூங்கோதைக்கு மார்பில் ஏதோ அகலமாகும். பெருமை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், வேறு பெயரும் இல்லை. போன ஞாயிறு அவர்கள் சொன்னார்கள், நாங்க வேற ஊரு சங்கம், உங்க ஊர்த் தீர்மானம் எங்களைக் கட்டாது, நாங்க நடத்துறோம், நீ பேசாம உக்காரு, நீ அந்த ஊர்ல பொழைக்கணும். சரியான யோசனைதான். அவள்தான் மாட்டேன் என்றாள். "அவங்க என் ஊருப் பொம்பளைங்க. வெளியூர்லேர்ந்து வக்கீல் வந்தாங்கன்னா, இந்த ஊர்ல அவங்களுக்கு ஆள் இல்லைன்னு ஆயிடும்." தணிகைவேல் அப்போது விளையாட்டாக மேசையைத் தட்டினான். தட்டும்போது நன்றாக இருந்தது. இப்போது மேசை இல்லை, மடியில் கேஸ் கட்டு மட்டும்தான்.

சங்கத்திலிருந்து நீக்குவார்கள். அது ஒன்றும் புதிது இல்லை, பக்கத்து ஊரில் செய்திருக்கிறார்கள். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு போவார்கள், அம்மா தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாசிலாமணிக்கும் கேஸ்கள் போகும். அந்த இரவு, கூட்டம் முடிந்த இரவில், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவன் சொன்னான். "நான் கையத் தூக்கலேன்னா என் சிவில் கேஸு பூரா கை மாறிடும் கோதை. உனக்குத் தெரியாதா?" தெரியும் என்றாள். "அப்புறம்?" "தெரியும்னுதான் சொன்னேன்." அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, பால் வாங்கினார்கள், மோட்டார் போட்டார்கள், ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள், விருந்துக்கு வந்தவர்கள் போல. இன்று காலை அவளுடைய கழுத்து வெள்ளைப் பட்டை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பீரோ, பை, கொடி, எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அது பிரிட்ஜ் மேல் இருந்தது, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு. அவன் குளியலறையில் இருந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நன்றி என்று சொல்வதா, எந்தக் கையால் இஸ்திரி போட்டாய் என்று கேட்பதா என்று தெரியாமல் கிளம்பி வந்துவிட்டாள். ஒரே வண்டியில் வந்து பழகிய கோர்ட்டுக்கு ஷேர் ஆட்டோவில், ஒரு கோழிக்கூடைக்காரிக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் நடுவில் வந்தாள். கோழிக்கூடைக்காரி அவள் கோட்டைப் பார்த்துவிட்டு, கம்பெனிப் பொம்பளைங்க கேஸு இன்னிக்கா என்றாள். ஆமாம் என்றாள் பூங்கோதை. "நல்லா கேளும்மா" என்றாள் அவள், கடையில் விலை கேட்கச் சொல்வது போல. நல்லாக் கேட்க வேண்டும். என்னவென்று கேட்பது? முதல் வாக்கியம் என்ன? நேற்று எழுதிப் பார்த்த வாக்கியம் நினைவில் இருந்தது, இப்போது இல்லை, ஏகமனதாக மட்டும் இருக்கிறது. இந்தச் சனியன் பிடித்த சொல்.

வெளியே வேன் வந்து நின்ற சத்தம். பெண் போலீஸ்காரர்கள் முன்னும் பின்னுமாக வர, நடுவில் பதினோரு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரிசையாக நின்றார்கள், கம்பெனியில் ஷிப்டுக்கு நிற்கிற பழக்கம். எல்லம்மா கடைசியில். தலையை நன்றாக வாரிப் பின்னியிருந்தாள். டவாலி கேஸைக் கூப்பிட்டதும் பூங்கோதை எழுந்தாள். எழுந்தாள் என்பது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "குற்றம் சாட்டப்பட்ட அனைவருக்காகவும் ஜாமீன் கேட்டு ஆஜராகிறேன்." வக்காலத்தை நீட்டினாள். பெஞ்ச் கிளார்க் அதை வாங்கவில்லை, வாங்காமலும் இல்லை, கை பாதியில் நின்றது, ஏனென்றால் அதற்குள் ஜெயச்சந்திரன் எழுந்துவிட்டார், அவர் பின்னால் நாற்காலிகள் கடகடவென்று பின்னுக்குத் தள்ளப்பட, ஒரு கருப்புச் சுவர் எழுந்து நின்றது. "யுவர் ஆனர், சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த உறுப்பினர் அதை மீறி" என்று அவர் தொடங்கினார். ஷஃபியுல்லா பின்வரிசையில் எழுந்து தன் பெயரைச் சொன்னார், ரெபேக்கா சொன்னாள், தணிகைவேல் சொன்னான், வெளியூர்க்காரங்களுக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ கத்தினார்கள், வெளியே போ என்று இன்னொரு குரல். நடுவர் வெந்நீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சின்னத் தயக்கத்தைப் பூங்கோதை பார்த்தாள். தள்ளி வைத்துவிடுவார். இன்னொரு வாய்தா. பதினோரு பேரும் திரும்ப வேனில் ஏறுவார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

அப்போதுதான் சுவர் ஓரமாக, இதுவரை உட்கார்ந்தே இருந்த ஒருவர் எழுந்தார். வரதராஜுலு. அறுபதைத் தாண்டியவர், கம்பெனிக்காரர்களுக்கு இரண்டு தலைமுறையாக வக்கீல், பூங்கோதைக்குக் காலை வணக்கம் கூட முழுதாகச் சொன்னதில்லை. புருவத்துக்கு மேல் தையல் போட்ட இடத்தில் பிளாஸ்திரி. அவர் நிற்பதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. நாடகத்தின் கடைசி அடி இவருடையது என்று எல்லோரும் நினைத்தார்கள், பூங்கோதையும் நினைத்தாள்.

"யுவர் ஆனர், கல்லு என் மேலதான் பட்டது. அடிபட்டவன்ங்கிற முறையில இவங்களுக்கு ஜாமீன் தரக் கூடாதுன்னு நான் ஆட்சேபிக்கப் போறேன். கடுமையா ஆட்சேபிக்கப் போறேன்." ஜெயச்சந்திரன் தலையாட்டினார். வரதராஜுலு அவர் பக்கம் திரும்பினார். "ஆனா தலைவரே, அந்தத் தீர்மானத்த நான் கேக்கல. நான் ஆஸ்பத்திரில கெடக்கும்போது நீங்களா போட்டது. எதிர்ல ஆள் இல்லாத கோர்ட்டுல ஜெயிச்சு எனக்குப் பழக்கமில்ல. அந்தம்மா பேசட்டும். பேசினப்புறம் நான் பேசறேன்."

உட்கார்ந்துவிட்டார். நடுவர் குவளையைக் கீழே வைத்தார். "சங்கத் தீர்மானம் எதுவும் இந்தக் கோப்பில் இல்லை" என்றார், தும்மினார், பிறகு கூண்டைப் பார்த்து, "உங்க வக்கீல் யாரும்மா?" என்று கேட்டார். பதினோரு கைகள் ஒன்றாகப் பூங்கோதையைக் காட்டின. எல்லம்மாவின் விரலில் இன்னும் அந்த மை நீலமாக இருந்தது. பெஞ்ச் கிளார்க் வக்காலத்தை வாங்கி முத்திரை குத்தினாள், கொஞ்சம் பலமாகவே குத்தினாள்.

பூங்கோதை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுதிப் பார்த்த வாக்கியம் வரவில்லை, சட்டப் பிரிவு வரவில்லை, நாக்கு அட்டை மாதிரி கிடந்தது. பின்னால் யாரோ செருமினார்கள், நடுவர் காத்திருந்தார், ஒரு நொடி இப்படி நீளுமா, ரப்பரைப் போல, எல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, வேலையில் பக்கத்தில் நிற்பவள் கத்தியை எடுக்கத் தாமதித்தால் பார்ப்பார்களே, அப்படி, எடு என்பது போல. "குமரேசன்" என்றாள் பூங்கோதை. "காதர் பாஷா." தன் குரலைக் கேட்டதும் அவளுக்கே தைரியம் வந்தது. "யுவர் ஆனர், இந்த முதல் தகவல் அறிக்கையில் இந்த இரண்டு பெயரும் இல்லை. கல் இருக்கிறது, புருவம் இருக்கிறது, கம்பெனி கேட்டுக்கு ஆன சேதம் இருக்கிறது. கழிவுத் தொட்டிக்குள் மூச்சு முட்டிச் செத்த இரண்டு ஆண்கள் மட்டும் இல்லை. இவர்கள் வாசலில் உட்கார்ந்தது அந்த இரண்டு பெயரை எழுதச் சொல்லித்தான்." அதற்குப் பிறகு நிற்கவில்லை. யார் கல்லெறிந்தது என்று ஒரு சாட்சி கூடச் சொல்லவில்லை என்பதைச் சொன்னாள், பதினோரு பேரும் சேர்ந்து ஒரே கல்லைத் தூக்கியிருக்க முடியாது என்றாள், பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், இந்த முறை அவளைப் பார்த்து அல்ல. எல்லம்மா தம்பியின் அடக்கத்துக்குக் கூட அனுப்பப்படவில்லை என்றாள். கடைசியாக, பெண்களுக்கு ஜாமீனில் சட்டம் தருகிற தனிச் சலுகையை மறந்துவிட்டோமே என்று பதறி அதையும் சொன்னாள். வரதராஜுலு சொன்னபடியே கடுமையாகப் பேசினார், அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து உரித்தார், அந்த உரிப்பிலும் அவருக்கு ஒரு ரசனை இருந்தது. பேசும்போது அவளை வக்கீல் பூங்கோதை அவர்கள் என்று முழுப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். நடுவர் எழுதினார். நிறைய எழுதினார். பிறகு தலையைத் தூக்காமல், ஒவ்வொருவருக்கும் இரு நபர் ஜாமீன், வாரம் ஒரு முறை காவல் நிலையத்தில் கையெழுத்து, விடுவிக்கலாம் என்றார்.

பூங்கோதை வராந்தாவுக்கு வந்தாள். ரெபேக்கா அவளைக் கட்டிப்பிடித்தாள், தணிகைவேல் ஓடிப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தான், அவள் பாதியைக் குடித்துப் பாதியை மேலே ஊற்றிக்கொண்டாள். தூணோரம் மாசிலாமணி நின்றிருந்தான். முன்சீப் கோர்ட்டில் இருக்க வேண்டியவன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, ஆனால் சட்டையின் முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, உள்ளே பின்சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறான்.

"கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன். பெண்கள்ங்கிற பாயிண்ட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். கடைசிலயா சொல்றது அதை?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்ணில் நீரும் வந்தது, அது எதற்கு என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. மன்னித்தாயிற்றா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். இல்லை, இன்னும் இல்லை. ஆனால் இடம் கொஞ்சம் இளகியிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில், தோல் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டையும் வீட்டு வரி ரசீதையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்கள், ஜாமீன் நிற்க. தேவைக்கு மேலேயே ஆட்கள் வந்திருந்தார்கள். ஷஃபியுல்லா முழங்காலைப் பிடித்தபடி யார் யாருக்கு எழுதுவது என்று திணறிக்கொண்டிருந்தார். மாசிலாமணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் சங்க அறை வாசலில் ஜெயச்சந்திரனும் செயலாளரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாண்டு பேப்பர் குடு, நான் நாலு பேருக்கு எழுதறேன்" என்றான் மாசிலாமணி. எல்லோர் கண்ணிலும் படும்படி வராந்தாப் படியில் உட்கார்ந்து, முதலில் நின்ற கிழவரிடம், "பேரு சொல்லுங்கய்யா" என்று பேனாவைத் திறந்தான். பூங்கோதையும் ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள், கைநாட்டு வாங்க.

பெண்கள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். காகிதமெல்லாம் சிறைக்குப் போய்ச் சேர்ந்து, மாலையில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று பூங்கோதை விளக்கினாள். உள்ளே ஒரே பேச்சும் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. எல்லம்மா மட்டும் கம்பி வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தாள்.

"எங்க கதை இருக்கட்டும் வக்கீலம்மா. உள்ள எந்தம்பி பேரச் சொன்னீங்களே, அத எழுதிக்கினாரா அவரு?"

"எழுதிக்கினாரு. நான் பாத்தேன். ரெண்டு பேரையும் எழுதிக்கினாரு."

"அப்ப கம்பெனிக்காரன் மேல கேஸு?"

"அது இன்னும் இல்ல. திங்கக்கிழமை ஹைகோர்ட்டுக்குப் போறோம், போலீஸ் கேஸ் போட்டே ஆகணும்னு மனு கொடுக்க."

எல்லம்மா திரும்பி உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"நாங்களும் வரலாமா? எத்தினி மணிக்கு வண்டி?"

"முதல் பஸ்ஸு" என்றாள் பூங்கோதை. "எடம் புடிச்சு வைக்கிறேன். வந்துடுங்க."

வேன் கிளம்பியது.